நீ கோத்து வைத்த ஊசிகள்

என் நூல்கண்டுக்கு அம்மா எழுதுவது. நான் இருக்கிறேன், சாப்பிடுகிறேன், மாத்திரை போடுகிறேன், மூட்டுவலி அதன் இடத்திலேயே இருக்கிறது. நீ நன்றாக இருப்பாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடிதம் என்றால் முதலில் நலம் கேட்டுவிட வேண்டும் என்று உன் அப்பா சொல்வார், கேட்டுவிட்டேன். இதுவரை உனக்கு வந்த கடிதமெல்லாம் அவர் எழுதியது, எழுதி முடித்து ஓரத்தில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தால் பேனாவை என்னிடம் கொடுப்பார், நான் நேரத்துக்குச் சாப்பிடு என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுவேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. இப்போது தாள் முழுக்க எனக்கே கிடைத்திருக்கிறது. பிழை இருந்தால் சிரித்துக்கொள், பக்கத்தில் யாராவது இருந்தால் அவர்களிடமும் காட்டிச் சிரித்துக்கொள்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனை எடுத்தால் நீதான் கேட்கிறாய், நான்தான் பதில் சொல்கிறேன். தூங்கினியாம்மா, கால் வீங்கியிருக்கா, எப்பலேருந்து, காலையிலயா சாயங்காலமா என்று நீ ஆரம்பித்தால் நான் சொல்ல வந்தது எனக்கே மறந்துபோகிறது. உன் தொழில் அப்படி. கடிதத்தில் நீ குறுக்கே கேட்க முடியாது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போன வாரம் நீ கேட்டதற்குப் பதில் இது. நம் தெருவில் வந்த தொண்டை அடைப்பானைப் பற்றி நீ செய்த ஆராய்ச்சிக்குப் பெரிய பரிசு கிடைத்திருக்கிறது, மேடையில் பேச வேண்டும், திரையில் காட்ட அப்பாவின் தையல்கடைப் படம் ஒன்று வேண்டும், வெளிச்சம் இருக்கும்போது கதவைத் திறந்துவைத்து மெஷின் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்பு என்றாய். நோய் தொடங்கிய இடத்தை எல்லாரும் பார்க்கணும்மா, அப்பாவுக்கும் அது ஒரு மரியாதைதானே என்றாய். நான் சரி என்று சொல்லவில்லை, பார்க்கலாம் என்றேன். பார்த்துவிட்டேன், படம் வராது. நோய் அந்தக் கடையில் தொடங்கவில்லை. அது உனக்குத் தெரியுமா தெரியாதா என்பது எனக்குத் தெரியாது, அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

தெருச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா போய் வருஷம் ஆகப்போகிறது, கடைக்கதவை நான் இன்னும் திறக்கவில்லை. அவருடைய அளவு நாடாவை யாரோ சுழற்றி மின்கம்பியில் வீசிவிட்டார்கள், அது இன்னும் அங்கேயே தொங்குகிறது, மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து எண்ணெல்லாம் அழிந்துபோயிற்று, காற்றடித்தால் ஆடும், அதன் அடியில்தான் நான் தினமும் தண்ணீருக்குப் போய் வருகிறேன். குழாயடியில் எனக்கு வரிசை கிடையாது. என்னைக் கண்டதும் எல்லாரும் வாளியைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய்விடுவார்கள், ஆகவே எப்போதும் எனக்குத்தான் முதலிடம், அம்மாவும் மகளும் ஒரே மாதிரிதான். உன் அண்ணன் எப்போதாவது வருகிறான், வாசலோடு நின்று பேசிவிட்டுப் போகிறான், பிள்ளைகளைக் கூட்டி வருவதில்லை. நோய் போய் எவ்வளவு நாளாச்சு, இன்னும் என்னடா பயம் என்று கேட்டேன். எனக்குத் தெரியும்மா, அவளுக்குத்தான் மனசு ஒப்பலை என்கிறான். அவன் பெண்டாட்டியைச் சொல்லிக் குற்றமில்லை. அவளும் உன் ஆபீஸ் ஊரைக் கூட்டிக் காட்டிய அந்த ஆராய்ச்சிப் படத்தைப் பார்த்தவள்தானே.

தெருப் பிள்ளைகளுக்குப் புதிதாக ஒரு விளையாட்டு வந்திருக்கிறது. உன் ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது, அதனால் உனக்குத் தெரிய வேண்டும். தரையில் சாக்பீஸால் பெரிய வட்டம் ஒன்று போட்டு, அதைச் சுற்றிச் சின்னச் சின்ன வட்டமாகப் போடுகிறார்கள். பெரிய வட்டத்தில் நிற்பவன் தையல்காரன். கையில் ஒரு கயிற்றை வைத்துக்கொண்டு அவன் துரத்த வேண்டும், யார் கழுத்தைச் சுற்றிக் கயிற்றைப் போட்டு அளந்துவிடுகிறானோ அந்தப் பிள்ளை தொண்டையைப் பிடித்துக்கொண்டு விழுந்து சாக வேண்டும். பக்கத்து வீட்டு வெல்டிங்காரரின் சின்ன மகளும் அதில் இருக்கிறாள். அக்காவை இந்த நோய்க்கே பறிகொடுத்த பிள்ளை. அவள்தான் தினமும் நாந்தான் தையக்காரன், நாந்தான் தையக்காரன் என்று மற்றவர்களோடு மல்லுக்கு நிற்கிறாள். ஏன்டி உனக்கு மட்டும் அதுவே வேணும் என்று ஒருநாள் ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டேன். தையக்காரன் சாகவே மாட்டான், கடைசி வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கலாம் என்றாள். நிஜத் தையல்காரர் செத்துப்போனார் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் விளையாட்டைக் கெடுக்கக் கூடாது பார்.

சின்ன வயதிலிருந்தே உனக்கு இந்தப் புத்தி உண்டு. உன் வகுப்பில் பாதிப் பேருக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தபோது, உனக்கு வீக்கம் வற்றியதும் வற்றாததுமாக வீடு வீடாகப் போய் உனக்கு என்னிக்கு வந்துச்சு, நீ யார் பக்கத்துல உக்காந்தே என்று கேட்டுக்கொண்டே போய், கடைசியில் ஒல்லியாக ஒரு பெண்ணைப் பிடித்து, நீதான் முதல், நீதான் எல்லாருக்கும் குடுத்தே என்று சொல்லி அழவிட்டு வந்தாய். அவள் அம்மா நம் வாசலில் வந்து கத்தினாள். உன் அப்பா அவளைச் சமாதானம் செய்து அனுப்பிவிட்டு உள்ளே வந்து, பாத்தியா என் நூல்கண்டை, நுனியப் புடிச்சா முடிவு வரைக்கும் போயிடுவா என்று என்னிடம் பெருமை பேசினார். அந்தப் பெண் அப்புறம் எத்தனை நாள் பள்ளிக்கூடம் வரவில்லை என்று நீயும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பிறகு நீ டாக்டருக்குப் படித்தாய், முடித்ததும் ஏதாவது ஓர் ஆஸ்பத்திரியில் உட்காருவாய், நாங்கள் வரிசையில் நிற்காமல் நேராக உள்ளே வரலாம் என்று ஆசையாக இருந்தோம். நீயோ எனக்கு ஊசி போடுற வேலை வேண்டாம், நோய் எங்கேருந்து வருது, எப்படிப் பரவுதுன்னு பாக்கற ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்றாய். கடைக்கு வருகிறவர்கள் உங்க பொண்ணு டாக்டராமே, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டால் உன் அப்பா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வார், டாக்டருக்கும் மேலே, அவ நோயாளியப் பாக்க மாட்டா, நோயத்தான் பாப்பா என்பார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அது எவ்வளவு சரி என்று அவருக்கே தெரியாது.

மஞ்சள் காமாலை வந்த ஊரில் வெயிலில் அலைந்து, எந்தக் குழாயில் சாக்கடை கலக்கிறது என்று நீ கண்டுபிடித்ததும், அதற்காக உன்னை அவ்வளவு தூரத்துக்கு அழைத்து வேலை கொடுத்ததும் எனக்கு மறக்கவில்லை. நீ செய்ததெல்லாம் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை, எத்தனையோ பிள்ளைகள் உன்னால் பிழைத்திருக்கும். நீ அனுப்புகிற ஆராய்ச்சிக் கட்டுரைகளை அவர் வாங்கித் தடவிப் பார்ப்பார், ஓர் எழுத்தும் புரியாது, தாள் நல்ல கெட்டித் தாள் என்று மட்டும் தெரியும். அதன் பின்பக்கத்தில் காலரும் கைப்பட்டியும் வரைந்து வெட்டி வைத்துக்கொள்வார். என் மகள் படிப்பு ஊரு பசங்க கழுத்தையெல்லாம் சுத்தி நிக்குது என்று சொல்லிச் சிரிப்பார்.

போன வருஷம் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் நீ வந்தாயே, அதற்கு வருகிறேன். எங்கேயோ தொண்டை அடைப்பான் பரவுகிற இடத்தில் வேலை பார்த்துவிட்டு, திரும்பிப் போகிற வழியில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாய். வந்தது யாருக்கும் தெரிய வேண்டாம், தெரிஞ்சா தெருவே சொறி சிரங்கைத் தூக்கிக்கிட்டு வரிசையில வந்து நிக்கும், எனக்குத் தூக்கம் வேணும் என்றாய். உன் அப்பாவும் அப்படியே ஆகட்டும் என்று, முன்பக்கக் கடைக்கும் நம் கூடத்துக்கும் நடுவில் தொங்குகிற திரையை இழுத்துவிட்டார். யூனிபாரம் தைக்கிற நேரம், கடையில் பிள்ளைகள் கூட்டம். திரைக்கு இந்தப் பக்கம் நீ பாயில் படுத்திருக்கிறாய், அந்தப் பக்கம் அவர் பிள்ளைகளை நிறுத்தி வைத்து, டேய் நீ வளந்துகிட்டே போனா நான் துணிக்கு எங்கடா போவேன், கொஞ்சம் நிறுத்திக்கோ என்று அளவெடுத்துக்கொண்டிருக்கிறார். நீ திரைக்குள்ளே வாயைப் பொத்திச் சிரித்தாய். சிரித்ததும் இருமல் வந்தது. குரலும் கம்மிப்போயிருந்தது. என்னடி தொண்டை இப்படி இருக்கு என்று வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தேன். பேசிப் பேசிக் கட்டிடுச்சும்மா என்றாய்.

சாப்பிட உட்கார்ந்தபோது நீ ஒரு கதை சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா. உன்னோடு வேலை செய்த ஒருவன், நோய் இருக்கிற இடத்திலிருந்து கிளம்பும்போது போட்டுக்கொள்ள வேண்டிய மாத்திரையைப் போடாமல் தன் வீட்டுக்குப் போய்விட்டான், அது தெரிந்து அவனை வேலையை விட்டே தூக்கிவிட்டார்கள், இனி எந்த ஊரிலும் அவனுக்கு இந்த வேலை கிடைக்காது என்றாய். அவன் மூஞ்சியை நீ செய்து காட்டியதற்கு நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்து உன் அப்பா, அப்ப நீ போட்டியா கண்டு என்று கேட்டார். என்னப்பா, என்னையே விசாரிக்கிறியா என்று அவர் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாய். போட்டேன் என்று நீ சொல்லவில்லை. அவரும் திருப்பிக் கேட்கவில்லை. பெற்ற பிள்ளையை யார் இரண்டாம் முறை கேட்பார்கள்.

போகிற அன்றைக்கு உனக்கு அவர்மேல் பாசம் பொங்கிவிட்டது. கண்ணு தெரியாம ஊசியோட சண்டை போடுறியேப்பா என்று அவருடைய பெட்டியில் இருந்த ஊசி அத்தனையையும் எடுத்து வைத்துக்கொண்டு நீயே நூல் கோத்தாய். வெள்ளை, நீலம், காக்கி என்று ஒவ்வொரு நூலாக உதட்டில் வைத்து ஈரமாக்கி, முறுக்கி, ஊசிக்காதில் விட்டு இழுத்து, பஞ்சுத்திண்டில் வரிசையாகக் குத்தி வைத்தாய். நீ கோக்கக் கோக்க அவர் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். ஊசி கைக்கு வந்ததும் நூல் நுனியைப் பல்லில் கடித்து முடிச்சுப் போடுவார், எனக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அப்படித்தான் செய்கிறார். உன் உதட்டிலிருந்து அவர் பல்லுக்கு. நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், எனக்கு அது அப்பனும் மகளும் கொஞ்சிக்கொள்வதாகத்தான் தெரிந்தது. நீ ஆராய்ச்சி செய்பவள், உனக்கு என்னவாகத் தெரிந்ததோ.

நீ போன பிறகு அவருக்குத் தொண்டை வலி வந்தது. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறதே என்று வலியோடேயே தைத்தார், வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு குனிந்து குனிந்து பிள்ளைகளுக்குச் சரி பார்த்தார். வெல்டிங்காரரின் பெரிய மகள் எப்போதும்போல அவர் காலடியில் உட்கார்ந்து கீழே விழுகிற பொத்தானைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள், அவரைப் பொத்தான் மாமா என்றுதான் கூப்பிடுவாள், உனக்கும் தெரியும். அவருக்குக் கழுத்து வீங்கி எச்சில் விழுங்க முடியாமல் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்த டாக்டர், தொண்டைக்குள்ளே சாம்பல் கலரில் தோல் மாதிரி படிந்திருக்கிறது என்றார். அந்தப் பேச்சு அடங்குவதற்குள் அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வெல்டிங்காரர் ஓடிவந்தார், அவர் பின்னால் இன்னும் சில பிள்ளைகள். மற்ற பிள்ளைகள் பிழைத்துக்கொண்டார்கள். அவள் மூச்சுக்குத் தவித்ததை நான் எழுதப் போவதில்லை, உன் கட்டுரையில் அதற்கு ஏதோ ஒரு சொல் இருக்கும்.

உன்னுடைய ஆபீஸே அந்த விசாரணையை எடுத்துக்கொண்டது. சுகாதார ஆபீஸ் பெண் ஒருத்தி முகத்தை மூடிக்கொண்டு கட்டில் கட்டிலாக வந்து கேட்டு உனக்கு அனுப்பினாள், உன் அப்பாவிடம் மட்டும் நானே போனில் கேட்கிறேன் என்றாய். அவருக்குக் கையைத் தூக்கத் தெம்பில்லை, நான்தான் போனை அவர் காதில் வைத்துப் பிடித்திருந்தேன், அதனால் நீ பேசியது எனக்கும் கேட்டது. எப்பப்பா வலி ஆரம்பிச்சுது என்று கேட்டாய், சொன்னார். யாரையெல்லாம் தொட்டே என்று கேட்டாய், அளவெடுத்த பிள்ளைகளையெல்லாம் ஞாபகம் வைத்துச் சொன்னார். அப்புறம், அதுக்கு முன்னாடி உங்க வீட்டுக்கு யாராச்சும் வந்தாங்களாப்பா, வெளியூர்லேருந்து யாராவது என்று கேட்டாய். உங்க வீட்டுக்கு என்று கேட்டாய். அவர் என் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே, யாரும் வரலம்மா என்றார். அப்புறம் சரிப்பா, ரெஸ்ட் எடு என்று வைத்துவிட்டாய்.

என்னங்க இப்படிச் சொல்லிட்டீங்க என்று கேட்டேன். அவ பேரு இதுல வரக் கூடாது, வந்தா அவ வேலை போயிடும், அவதான் சொன்னாளே, நீயும் வாயத் தொறக்காத என்றார். ஊரு உங்களத்தானே சொல்லும் என்றேன். பொத்தான் தைக்கிறவனுக்கு என்னடி பெரிய பேரு இருக்கு, கெட்டுப்போக என்றார். அவ்வளவு பேசியதற்கே அவருக்கு மூச்சு இளைத்தது. அதனால்தான் நான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டுக்கொண்டதற்காக, உனக்காக இல்லை.

தொண்டை சரியாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். கஞ்சி குடித்தார், முகத்தை மழித்துக்கொண்டார், மெஷினுக்கு எண்ணெய் கூடப் போட்டார். கீழே உருண்டுபோன நூல் பாபினை எடுக்கக் குனிந்தவர் நிமிரவே இல்லை. இந்த நோயின் விஷம் நெஞ்சில் தங்கி, ஆள் தேறிய பிறகும் நின்று கொல்லும் என்று டாக்டர் சொன்னார். நீ போனில் அதையே இன்னும் விவரமாகச் சொன்னாய், இத்தனை பேரில் இத்தனை பேருக்கு இப்படி ஆகும்மா என்று கணக்குச் சொன்னாய். நான் உன்னிடம் கணக்குக் கேட்கவில்லை, வருகிறாயா என்றுதான் கேட்டேன். இப்ப கிளம்பினா எல்லாம் பாதியில நின்னுடும்மா, இதை முடிச்சாத்தான் அடுத்த ஊர்ல பிள்ளைங்க சாகாம இருக்கும் என்றாய். தெருவில் ஒரு கதவு திறக்கவில்லை. தூக்குவதற்கு உன் அண்ணனும் ஆம்புலன்ஸ் டிரைவரும்தான் இருந்தார்கள், ஆள் பத்தாமல் தலைமாட்டை நான் பிடித்தேன். அவர் கனமாக இருந்தார். அந்தக் கனம் இன்னும் என் தோளில் இருக்கிறது, நீ மூட்டுவலிக்கு எந்த மாத்திரை அனுப்பினாலும் அது போகாது.

ஆராய்ச்சி முடிந்தால் அந்த ஊர் ஜனங்களைக் கூப்பிட்டு என்ன கண்டுபிடித்தோம் என்று சொல்லிவிட வேண்டும், அதுதான் முறை என்று நீ பல தடவை சொல்லியிருக்கிறாய். அந்த முறைப்படி பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டார்கள். நீ வரவில்லை, உன் ஆபீஸிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தான், மரியாதையான பையன், என்னை யாரென்று தெரியாமல் வாங்கம்மா முன்னாடி உக்காருங்க என்றான். என் மகள் செய்த வேலை அல்லவா, நான் நல்ல உடுப்பாக எடுத்து உடுத்திக்கொண்டு போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். அவன் சுவரில் படத்தைப் போட்டான். நடுவில் பெரிய வட்டம், அதற்குள் தையல் தொழிலாளி, ஆண், அறுபத்தொரு வயது என்று எழுதியிருந்தது. அங்கிருந்து அம்பு அம்பாகப் போய்ச் சின்ன வட்டங்கள், அதில் ஒன்று மட்டும் கறுப்பு. நூலை வாயில் வைக்கும் பழக்கம், ஊசியைக் கவ்வும் பழக்கம், அதனால் பரவியிருக்கலாம் என்று படித்தான். இவருக்கு எங்கேருந்துப்பா வந்துச்சு என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். அது தெரியலைங்க, வெளியாள் யாரும் வரலைன்னு விசாரணையில உறுதி ஆயிருக்கு, நம்மளுக்குத் தெரிஞ்சு இவர்தான் முதல் என்றான். ஹாலில் இருந்த தலையெல்லாம் என் பக்கம் திரும்பியது. எழுந்து வெளியே வரும்போது வெல்டிங்காரர் மனைவி என் பக்கத்தில் வந்து நடந்தாள். உங்க பொண்ணு நல்லா வரைஞ்சிருக்காக்கா, எங்க பிள்ளைக்குன்னு தனியா கறுப்பு அடிச்சுக் குடுத்திருக்கா, பொத்தான் மாதிரியே இருக்கு என்றாள். அன்று சாயங்காலம் அவர் தைத்துக் கொடுத்த யூனிபாரம் எல்லாம் நம் கடை வாசலில் வந்து குவிந்தது. யாரோ தீ வைத்தார்கள். எரிகிற துணியிலிருந்து பொத்தானெல்லாம் படபடவென்று வெடித்தது. அழுதுகொண்டு போனில் சொன்னேன். பேரு போடலையேம்மா, தொழிலும் வயசும்தானே போட்டோம் என்றாய். நம் தெருவில் எத்தனை தையல்காரரை நீ பார்த்திருக்கிறாய் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

நீ பரிசு வாங்கப் போகிறாய், கடைப் படம் வேண்டும் என்று சொன்ன பிறகுதான் எனக்கு அவருடைய பேச்சைக் காப்பாற்றியது போதும் என்று தோன்றியது. நேற்று வெல்டிங்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி உள்ளே வரச் சொல்லவில்லை, படியிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நீ வந்தது, திரை, இருமல், ஊசி, போனில் அவர் சொன்ன பொய், ஒன்று விடாமல் சொன்னேன். காறித் துப்புவாள் என்று நினைத்தேன், துப்பியிருந்தால் நிம்மதியாகத் திரும்பியிருப்பேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். கேட்டுவிட்டு, செத்தவருக்கு நல்ல பேரு வாங்க உசுரோட இருக்கிற பொண்ணக் காட்டிக் குடுக்கிறீங்களேக்கா, உங்க பொண்ணு வந்திருந்தா அவ சொல்லியிருக்க மாட்டாளா, அவ படிச்சவ, தப்பா வரைவாளா என்றாள். நீங்களும் ஒரு தாயா என்று கதவைச் சாத்தினாள். என் வார்த்தை இந்தத் தெருவில் செல்லாது கண்ணு. உன் படம்தான் செல்லும். உன் அப்பாவை அந்த வட்டத்திலிருந்து இறக்க உன் ஒருத்தியால்தான் முடியும்.

கடைப் படத்துக்குப் பதிலாக இந்த உறையில் ஒன்று வைத்திருக்கிறேன். நீ கோத்து வைத்த ஊசிகளில் அவர் எடுக்காமல் விட்டது, நீல நூல். மெதுவாகப் பிரி, விரலில் குத்தும். வேண்டுமானால் அதையும் திரையில் காட்டு. காட்டும்போது அப்பாவின் வட்டத்துக்கு மேலே இன்னொரு வட்டம் போட்டு, அங்கிருந்து அவருக்கு ஓர் அம்பு இழுத்துவிடு. பெயர் போட வேண்டாம், தொழிலும் வயதும் போட்டால் போதும். உன் தொழில் செய்பவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருப்பார்கள், உன்னை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

நீ நீண்ட நாள் நல்லபடியாக இரு. எந்த நோயும் உன்னை அண்டாமல் இருக்கட்டும், அதைப் போய்ப் பார்க்க உன்னைவிட்டால் ஆளில்லை. வேலையும் பேரும் உனக்கு நிலைக்கட்டும், அதற்காகத்தான் ஒருவர் பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், அது வீணாகக் கூடாது. நேரத்துக்குச் சாப்பிடு. மேடை ஏறுவதற்கு முன்னால் மறக்காமல் வெந்நீர் குடி, பேசிப் பேசித் தொண்டை கட்டிக்கொள்ளும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்று, உன் அப்பாவின் காதில் போனைப் பிடித்திருந்த
அம்மா

மேலே எழுத மனம் வராமல் விட்ட ஒன்றைக் கீழே எழுதுகிறேன். யாரும் வரலம்மா என்று அவர் சொன்னதற்கும் சரிப்பா என்று நீ சொன்னதற்கும் நடுவில் போனில் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது, அது உன் மூச்சுதான், பெற்றவளுக்குத் தெரியும். அந்த ஒரு மூச்சில் நீ எதை நினைத்துக்கொண்டிருந்தாய்?